தேர்வு இல்லாத வகுப்புகள்

தமிழகப் பள்ளிக்கூடத்தின் கதை – 27

2020 பிப்ரவரி 4 அன்று தமிழக அரசு தன்னுடைய அரசாணை ஒன்றைத் திரும்பப் பெற்றது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்துவது என்று 2019 செப்டம்பரில் போட்ட ஆணை அது. கல்வி உரிமைச் சட்டத்தில் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் அதற்கு வழி திறந்துவிட்டிருந்தது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஹால் டிக்கெட்டைக் கொடுப்பதா என்று ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் எதிர்க்கட்சிகளும் நான்கைந்து மாதங்கள் போராடிய பிறகே அரசு பின்வாங்கியது. அந்த ஆணை நிலைத்திருந்தால் அந்த ஆண்டு மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலுமாக முதல் தேர்வுகள் நடந்திருக்கவேண்டும்.

ஏப்ரலில் எந்தத் தேர்வும் நடக்கவில்லை. கொரோனா அச்சத்தால் மார்ச் 16 அன்று தொடக்க வகுப்புகளுக்கு விடுமுறை விட்டார்கள். மறுநாள் எல்லாக் கல்வி நிலையங்களும் மூடப்பட்டன. மாத இறுதி வரைதான் விடுமுறை என்று அறிவிப்பு சொன்னது. ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் ஓடியது பத்தொன்பது மாதங்களுக்கும் மேல்.

இந்தப் பத்தொன்பது மாதங்களில் கல்வித்துறை சும்மா இருக்கவில்லை. ஆணைகள் வந்தன, திருத்தங்கள் வந்தன, ஆலோசனைக் கூட்டங்கள் நடந்தன, குழுக்கள் அமைந்தன. அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. ஏறக்குறைய எல்லா முடிவுகளும் பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் சுற்றியே எடுக்கப்பட்டன. பொதுத்தேர்வு இருந்த வகுப்புக்குத் திட்டம் இருந்தது. பொதுத்தேர்வு இல்லாத வகுப்புக்கு ‘ஆல் பாஸ்’ இருந்தது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

பள்ளிகள் மூடிய பிறகும் பிளஸ் டூ தேர்வு தொடர்ந்தது. மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு மாநிலம் முழுவதும் 144 தடையுத்தரவு அமலுக்கு வந்தது. அன்று காலைதான் பிளஸ் டூவின் கடைசித் தேர்வு. பேருந்து கிடைக்காமலும் நோய்க்குப் பயந்தும் பல்லாயிரம் பேர் அதை எழுதவில்லை. அவர்களில் விரும்பியவர்களுக்காக ஜூலை 27 அன்று மறுதேர்வு நடந்தது. எழுத வந்தவர்கள் மிகச் சிலர். ஒன்று முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளில் இருந்த அனைவரும் தேர்ச்சி என்று அந்த மார்ச் மாதத்திலேயே முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்துவிட்டார். ஒரே அறிவிப்பில் ஒன்பது வகுப்புகளின் கணக்கு முடிந்தது.

பத்தாம் வகுப்பின் கணக்கு அப்படி முடியவில்லை. மார்ச் 27 அன்று தொடங்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. ஜூன் 1 அன்று தொடங்கும் என்று மே மாதத்தில் பள்ளிக்கல்வி அமைச்சர் செங்கோட்டையன் அறிவித்தார். சில நாட்களில் அது ஜூன் 15 ஆனது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஊரடங்கில் சொந்த ஊருக்குப் போய்விட்டவர்களை எப்படி அழைத்து வருவது, விடுதிகளை எப்போது திறப்பது, அறைக்குப் பத்துப் பேர் என்று உட்காரவைத்தால் எத்தனை மையங்கள் கூடுதலாக வேண்டும், முகக்கவசம் எத்தனை லட்சம், கட்டுப்பாட்டுப் பகுதியில் வசிக்கும் மாணவனுக்குத் தனி இடம் எங்கே என்று துறையின் மொத்த வலிமையும் இதில் இறங்கியது. முதன்மைக் கல்வி அலுவலர் முதல் அலுவலக உதவியாளர் வரை எல்லோரும் இரண்டு மாதம் இதற்காகவே உழைத்தார்கள். அத்தனை நுணுக்கமாகத் திட்டமிடும் திறமை நம் கல்வித்துறைக்கு உண்டு என்பதை அந்த நாட்களின் சுற்றறிக்கைகளைப் படிக்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

தேர்வை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொற்று ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் 9 லட்சம் பிள்ளைகளின் உயிரை ஏன் பணயம் வைக்கவேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். தள்ளிவைத்தால் வரும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசமாகும் என்பது அரசின் வாதம். ஜூன் 8 அன்று தெலங்கானா தன் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தது. மறுநாள் தமிழகமும் ரத்து செய்தது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் வகுக்கப்பட்டது. ஜூன் 15 முதல் 25 வரை தேர்வு நடக்கவிருந்தது. ஜூன் 19 அன்று சென்னையிலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு வந்தது. நீதிமன்றம் குறுக்கிட்டிராவிட்டால் தேர்வு பாதி வழியில் நின்றிருக்கும்.

அந்த 2020 கோடையில் இன்னொரு வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. வீட்டில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஜூனிலிருந்து என்ன சொல்லித்தருவது, யார் சொல்லித்தருவது, எதை வைத்து? இதற்கு அந்த இரண்டு மாதங்களில் யாரும் அதே தீவிரத்தோடு உட்காரவில்லை.

கைவசம் இருந்த கருவி கல்வித் தொலைக்காட்சி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் எட்டாவது தளத்தில், 2019 ஆகஸ்ட் 26 அன்று, பெருந்தொற்று பற்றி எவரும் நினைத்துப் பார்க்காத காலத்தில் அது தொடங்கப்பட்டிருந்தது. அரசு கேபிளில் 200ஆம் எண். அரசுப் பள்ளி ஆசிரியர்களே பாடம் நடத்தினார்கள். கேமராவின் முன் முதல்முறையாக நின்றவர்கள், கையில் சாக்பீஸும் சார்ட்டும் வைத்துக்கொண்டு. வேறு பல மாநிலங்கள் பெருந்தொற்று வந்த பிறகு அலைவரிசை தேடி ஓடின. தமிழகத்திடம் அது முன்பே இருந்தது. அந்த அலைவரிசையைப் பார்ப்பதற்குக் குடிசை வீட்டிலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது என்றால், 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்கு அதில் பங்குண்டு. 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டமும் இப்போது கைகொடுத்தது. ஒன்று கருணாநிதி ஆட்சியில் வந்தது, மற்றது ஜெயலலிதா ஆட்சியில் வந்தது. இரண்டையும் தேர்தல் இலவசம் என்று ஏசியவர்கள் பலர். 2020 ஜூலையில் தமிழகக் கல்வி அந்த இரண்டின் மேல்தான் நின்றது.

ஆனால் அங்கேயும் வரிசை மாறவில்லை. வீடியோ பாடங்களைப் பள்ளியின் ஹைடெக் லேப் வழியாக மடிக்கணினியில் ஏற்றிக்கொடுத்தது பிளஸ் டூ மாணவர்களுக்கு. முதல் வகுப்புச் சேர்க்கை தொடங்கியதே ஆகஸ்ட் 17 அன்றுதான். தொலைக்காட்சி எதைக் கற்பித்தாலும் அது ஒருவழிப் பாதை. பதினேழு வயது மாணவி இயற்பியல் பாடத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்வாள். ‘ட’ எழுதத் தெரியாத பிள்ளை எழுதிய கோணல் ‘ட’வை யார் திருத்துவது? எழுத்துக் கூட்டிப் படிப்பதும் கடன் வாங்கிக் கழிப்பதும் பக்கத்தில் ஒருவர் அமர்ந்தால் மட்டுமே வரும். எழுதப் படிக்கத் தெரிந்த பெற்றோர் இருந்த வீட்டில் அது நடந்தது. இல்லாத வீட்டில் நடக்கவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலர் இதைத் துறைக்கு முன்பே உணர்ந்தார்கள். மாநிலத்தின் பல ஊர்களில் அவர்கள் பைக்கில் போய்க் கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். வாட்ஸ்அப் இல்லாத வீட்டுக்குப் பயிற்சித் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், தங்கள் சொந்தச் செலவில். அரசு திட்டமிட்ட பணி இல்லை அது. கூட்டம் சேர்த்தார்கள் என்று யாராவது புகார் சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்ற பயத்தோடுதான் செய்தார்கள். இந்தக் காலத்தின் கல்வி வரலாற்றில் என் மதிப்பில் முதல் இடம் அவர்களுக்குத்தான்.

சாப்பாடும் நின்றுபோயிருந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவின் அடுப்பு, திட்டம் விரிவடைந்த நாளிலிருந்து இத்தனை நீண்ட காலம் அணைந்து கிடந்ததில்லை. அரிசியும் பருப்பும் உலர் பொருளாகப் பெற்றோரிடம் தரப்பட்டன. முட்டைக்காக உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. வீட்டுக்குப் போன அரிசி வீட்டு உலையில் எல்லோருக்கும் சேர்ந்து வெந்தது. பள்ளித் தட்டில் அந்தப் பிள்ளைக்கென்று விழுந்ததற்கு அது ஈடாகவில்லை.

தனியார் பள்ளிகளின் சிக்கல் வேறு. கட்டணத்தில் 40 விழுக்காட்டை ஆகஸ்ட் இறுதிக்குள்ளும், பள்ளி திறந்த பிறகு 35 விழுக்காட்டையும் வாங்கிக்கொள்ளலாம் என்று 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. வேலை இழந்த பெற்றோரால் அதையும் கட்ட முடியவில்லை. டி.சி.கூட வாங்காமல் அரசுப் பள்ளி வாசலுக்கு வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி துறை சொன்னது. பல ஆண்டுகளாகச் சேர்க்கை குறைந்து, மூடிவிடலாமா என்று பேசப்பட்ட ஈராசிரியர் பள்ளிகளில் பெயர்ப் பட்டியல் நீண்டது. வகுப்பறை மட்டும் பூட்டியே இருந்தது.

திறப்பது பற்றிய பேச்சு வந்தபோதெல்லாம் அது மேல் வகுப்புகளைப் பற்றியதாகவே இருந்தது. ஒன்பது முதல் பிளஸ் டூ வரை நவம்பர் 16 அன்று திறக்கலாம் என்று ஓர் அறிவிப்பு. நவம்பர் 9 அன்று பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். கருத்து இரண்டாகப் பிளந்தது. நவம்பர் 12 அன்று திறப்பைத் தள்ளிவைத்தார்கள். தீபாவளி கழிந்தது, பொங்கல் கழிந்தது. 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் மட்டும் திறந்தன. வகுப்புக்கு 25 பேர், பெற்றோரின் சம்மதக் கடிதம், வாசலில் வெப்பமானி, வைட்டமின் மாத்திரை. பாடத்திட்டத்தைக் குறைத்துப் பட்டியல் வெளியிட்டிருந்தார்கள். பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பிளஸ் ஒன்னும் வந்தன.

பிப்ரவரி 25 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் எழுந்து, ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் மாணவர்கள் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி என்றார். அதற்கு மறுநாள் சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. பத்தாம் வகுப்பினர் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பள்ளிக்கு வந்திருந்தார்கள், மற்ற இரு வகுப்பினர் மூன்று வாரம்கூட வந்திருக்கவில்லை. தேர்வை எதிர்கொள்ள அவர்களால் முடிந்திருக்காது என்பது உண்மை. ஆனால் தேர்வு இல்லை என்றவுடன் பள்ளியும் தேவையில்லை என்றாகிவிட்டது. மார்ச் 22 முதல் அந்த வகுப்புகள் மீண்டும் மூடப்பட்டன. பிளஸ் டூ மட்டும் தொடர்ந்தது. தேர்வுதான் அவர்களைப் பள்ளிக்குள் வைத்திருந்தது.

இரண்டாம் அலையில் அந்தப் பிடியும் விட்டது. மே மாதத்தில் ஆட்சி மாறியது. மே 21 அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று. சி.பி.எஸ்.இ. தன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை ஜூன் 1 அன்று ரத்து செய்ய, கட்சிகளையும் கல்வியாளர்களையும் பெற்றோரையும் கலந்தபின் ஜூன் 5 அன்று புதிய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிளஸ் டூ தேர்வை ரத்து செய்தார். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மதிப்பெண் போடவேண்டும். பத்தாம் வகுப்பில் அதிகம் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையிலிருந்தும் அகமதிப்பீட்டிலிருந்தும் 30. அந்த ஆண்டு மாணவர்கள் 2019இல் பத்தாம் வகுப்பையும் 2020 மார்ச்சில் பிளஸ் ஒன்னையும் எழுதியிருந்ததால் இந்தக் கணக்கு சாத்தியமானது. ஜூலை 19 அன்று முடிவு வந்தது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

அடுத்த நாள், ஜூலை 20 அன்று, டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பலராம் பார்கவா ஒரு கருத்தைச் சொன்னார். நாடு தழுவிய நான்காவது ரத்த மாதிரி ஆய்வின்படி 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் உடலில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்தது. சிறு பிள்ளைகள் இந்தக் கிருமியைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள். எனவே பள்ளிகளைத் திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை என்றார். டென்மார்க் 2020 ஏப்ரலிலேயே அப்படித்தான் செய்திருந்தது: முதலில் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள், பிறகு மூத்தவர்கள்.

தமிழகம் செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பிளஸ் டூ வரை திறந்தது. ஒன்று முதல் எட்டு வரை இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தன. சிறு பிள்ளைகளைப் பற்றிய அச்சம் வெறும் கற்பனை அல்ல. தடுப்பூசி அவர்களுக்கு இல்லை, ஒரே அறையில் தாத்தா பாட்டியோடு படுக்கும் வீடுகள் இங்கே ஏராளம், இரண்டாம் அலையில் உறவினரைப் பறிகொடுக்காத தெரு இல்லை. பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று சொன்ன தாயைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. ஆனாலும் அதே வீட்டு அக்கா பத்தாம் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். கிருமி அக்கா வழியாகவும் வீட்டுக்குள் வரும். மேல் வகுப்புக்கு முன்னுரிமை என்ற முடிவை மருத்துவம் எடுக்கவில்லை, தேர்வுதான் எடுத்தது என்று நான் கருதுவது இதனால்தான்.

2019-20இல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அந்த வகுப்பு முடியும் முன்பே வீட்டுக்குப் போனான். இரண்டாம் வகுப்பு என்ற ஒன்று அவன் வாழ்வில் நடக்கவே இல்லை. திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தையும் கொடுத்தார்கள். 2020 ஆகஸ்ட்டில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் வகுப்பே நடக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தை முதன்முதலில் உள்ளே போய்ப் பார்த்தது இரண்டாம் வகுப்பு மாணவியாக. இவர்களுக்கு எந்த மதிப்பெண்ணையும் எவரும் கணக்கிட்டுத் தரவேண்டியிருக்கவில்லை. அதனால் என்ன இழந்தார்கள் என்பதையும் நெடுங்காலம் எவரும் கணக்கிடவில்லை.

கணக்கிட்டவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். பெருந்தொற்றுக்கு முன்பே, 2019இல், தமிழகக் கிராமங்களில் சிறு குழந்தைகளின் கற்றல் நிலையைப் பதிவு செய்துவைத்திருந்த ஓர் ஆய்வுக் குழு இருந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் அதே கிராமங்களுக்கு 2021 டிசம்பரில் திரும்பிப்போய், ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே வயதில் முன்பிருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் ஏற்பட்ட சரிவு தமிழில் ஏற்பட்டதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. தமிழ் வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்துகொண்டிருந்தது. கணக்கைப் பள்ளிக்கு வெளியே யாரும் பேசவில்லை.

இதற்கு இரண்டு மாதம் முன்பு, 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளை மட்டும் மனதில் வைத்து அரசு போட்ட முதல் பெரிய திட்டம் என்று இதைச் சொல்லலாம். மாலை ஐந்து மணிக்கு மேல், வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ இருபது பிள்ளைகள். பிளஸ் டூ முடித்தவர் தொடக்க வகுப்புகளுக்கு, பட்டதாரி நடு வகுப்புகளுக்கு. மாதம் 1,000 ரூபாய். 200 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மதவாத அமைப்புகள் தன்னார்வலர் வேடத்தில் உள்ளே நுழையும், தேசியக் கல்விக் கொள்கை பின்வாசல் வழியாக வருகிறது என்று ஆளுங்கட்சியின் நண்பர்களே எச்சரித்தார்கள். பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் ஊர் ஊராக விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. எதிர்ப்பு நியாயமான கவலையிலிருந்து வந்தது. ஆனால் திட்டம் கைக்கு வந்து சேர்ந்தது யாரிடம் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் பெண்களிடம். படித்துவிட்டுத் திருமணமாகி வீட்டில் இருந்தவர்கள், கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்கள். சுமார் 2 லட்சம் பேர் வந்தார்கள். வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துக் கதை சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள், கூட்டல் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த ஆய்வுக் குழு 2022 ஏப்ரல், மே மாதங்களில் மறுபடியும் போய்ப் பார்த்தது. இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. ஆறே மாதத்தில். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, சுமார் 24 விழுக்காடு, இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். எஞ்சியது பெரும்பாலும் பள்ளி திறந்ததால் வந்தது. பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் அமர்ந்தால் போதும் என்று 2020 கோடையில் அந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நம்பியதை இந்த எண்கள் உறுதிப்படுத்தின. ஓராண்டு முன்பே இதைச் செய்திருக்க முடியாதா என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. திண்ணை இருந்தது, பெண்கள் இருந்தார்கள், முதல் அலை தணிந்த 2020 இறுதி மாதங்களும் இருந்தன.

ஆனால் எல்லா இழப்பையும் பெருந்தொற்றின் தலையில் கட்டுவதும் சரியாகாது. கிராமப்புறங்களில் நடந்த ‘அசர்’ ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழகத்தில் 2022இல் 4.8 விழுக்காடு. அதிர்ச்சியான எண்தான். பள்ளிகள் ஒழுங்காக நடந்த 2018இல் அது 10.2 விழுக்காடு. பத்தில் ஒன்பது பிள்ளைகள் அப்போதே தடுமாறிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் 95 விழுக்காட்டை நெருங்கிய மாநிலத்தில் அதைக் கவனிக்க யாருக்கும் அவசரம் இல்லை. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் 2025க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வரவேண்டும் என்று இலக்கு வைத்தது. பெருந்தொற்று இல்லாமலிருந்தால் அந்தத் திட்டம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மேல் வகுப்புகளுக்கும் ஒரு பாக்கி இருந்தது. 2020இல் பத்தாம் வகுப்பை எழுதாமல் தேறியவர்கள் மறு ஆண்டு பிளஸ் ஒன்னையும் எழுதாமல் தேறினார்கள். அவர்கள் வாழ்வின் முதல் பொதுத்தேர்வு 2022 மே மாதத்துப் பிளஸ் டூ. அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள், 2021இல் ஆல் பாஸ் பெற்ற பத்தாம் வகுப்பினர், 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ தேர்வு எழுதவேண்டியிருந்தது. முதல் நாள், தமிழ்த் தாள். சுமார் 50,000 பேர் வரவில்லை. சட்டப்பேரவையில் அது பெரும் விவாதமானது. பெயர் துறையின் மின்னணுப் பதிவேடான எமிஸில் இருந்தது, ஹால் டிக்கெட் அச்சாகியிருந்தது, ஆள் பள்ளிக்கு வந்து பல மாதங்களாகியிருந்தது. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்காமல் அவர்களை எப்படியாவது தேர்வுவரை கொண்டுவந்துவிட வேண்டும் என்று முயன்றதாகத் துறை விளக்கம் சொன்னது. பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, வீடு வீடாகப் போய் அவர்களைத் தேடும்படியும் துணைத்தேர்வுக்கு அழைத்துவரும்படியும் உத்தரவு போனது. தேடிப் போன ஆசிரியர்கள் பலரைப் பனியன் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் கண்டார்கள். சில பெண்கள் கைக்குழந்தையோடு இருந்தார்கள்.

(தொடரும்)